ஞாயிற்றுக்கிழமை போட்ட ஜோடி

போன வாரம் கதையை ஒரு சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு எழுந்தோம். ஞாயிற்றுக்கிழமை, பாப்பாவின் வீடு. மேஜைக்கு இந்தப் பக்கம் பாப்பாவின் அப்பா, அந்தப் பக்கம் டீச்சர். இருவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர் ஆளுங்கட்சி, இவர் எதிர்க்கட்சி. நடுவில் பிஸ்கட் தட்டு, ஓரத்து நாற்காலியில் பாப்பா.

டீச்சரின் கணவருக்குப் புதன்கிழமை இதய ஆபரேஷன். அதே புதன்கிழமை சபையில் ஓட்டெடுப்பு.

"என்னால அன்னைக்கு வரமுடியாது. எனக்கு ஜோடி போடுறீங்களா, இஸ்திரி?" என்று டீச்சர் கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினார். டீச்சர் பிடித்துக் குலுக்கினார். நடந்தது அவ்வளவுதான்.

ஜோடி என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கட்சிக்காரர் தவிர்க்க முடியாத காரணத்தால் வரமுடியாமல் போனால், மறு கட்சியில் ஒருவர் தானும் போகாமல் வெளியே நிற்பார். இங்கே ஒன்று குறைய, அங்கேயும் ஒன்று குறையும், தராசு நேராகிவிடும். இதற்குக் கையெழுத்து கிடையாது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. கொடுத்த கைதான் எல்லாம்.

கொடுத்த கை யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அப்பாவுக்கு அரசியல் வட்டாரத்தில் 'இஸ்திரி' என்று பெயர். வைத்தவரே டீச்சர்தான். இருவரும் நகரசபையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த காலத்தில், "இந்த மனுஷன் சட்டையிலயும் மடிப்பு கலையாது, சொல்லுலயும் மடிப்பு கலையாது" என்று சபையிலேயே சொன்னார். எதிர்க்கட்சிக்காரி வாயால் வந்த பாராட்டு என்பதால் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அணைந்த தெருவிளக்குக்கும் உடைந்த சாக்கடை மூடிக்கும் சண்டை போடும் வார்டு உறுப்பினராக ஆரம்பித்தவர் அவர். அப்புறம் துணை மேயர், மேயர், அதன்பின் நாடாளுமன்றம். பழமைவாதக் கட்சிக்காரர், பழைய மார்க்கெட்டை இடிக்கக் கூடாது, நடைபாதை மரத்தை வெட்டக் கூடாது, தெருப்பெயரைத் தொடக் கூடாது. "இருக்கறதைக் கெடுக்காம இருந்தாலே பாதி ஆட்சி நடந்த மாதிரி" என்பார். மேயர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் மேடைகளில் எடுத்துச் சொல்வார்கள்: "எழுதின சட்டத்துக்குப் பயப்படுறவன் குடிமகன். எழுதாத சட்டத்துக்குப் பயப்படுறவன்தான் மனுஷன்."

எல்லாம் வந்தது. மந்திரி பதவி மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டது.

இனி புதன்கிழமை.

*

பாப்பா நர்ஸ். வயது முப்பதைத் தொட்டும் வீட்டில் பாப்பா என்ற பெயர் மட்டும் வளரவில்லை. காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது அப்பா முகவாயைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தார். சவரக்கத்தி கிழித்திருந்தது.

"சபைக்குப் போகாத அன்னைக்கு எதுக்குப்பா இவ்வளவு மும்முரமா ஷேவிங்?"

"பழக்கம்டா. வீட்ல இருந்தாலும் முகம் முகமா இருக்கணும்ல?"

பஞ்சால் துடைத்துச் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். அது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் காத்திருப்பு அறையில் டீச்சர் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு: ஒன்றில் தான், இன்னொன்றில் பிளாஸ்க், சால்வை, புத்தகம், கணவரின் மூக்குக்கண்ணாடி.

"வா கண்ணு. உங்கப்பா என்ன பண்றாரு?"

"குழாய் ரிப்பேர் பண்ணப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு, அத்தை."

"ஐயோ, வீடு மிதக்கப் போகுது. மேயரா இருந்தப்பவே அவரால தண்ணியை நிறுத்தவும் முடியல, விடவும் முடியல." டீச்சர் சிரித்தார். பயத்தில் இருக்கும்போது அவருக்குப் பேச்சு கூடும் என்பது பாப்பாவுக்குத் தெரியும். "இன்னைக்கு நானும் உங்கப்பாவும் கிளாஸைக் கட் அடிச்ச பசங்க மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்கக் கூடாது."

பாப்பா சின்னப் பெண்ணாக இருந்தபோது நகரசபையின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கீழே அப்பாவும் டீச்சரும் மேஜையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். இடைவேளையில் டீச்சர் மேலே ஏறிவந்து, அவள் நோட்டில் தப்பான கணக்கைத் திருத்திவிட்டுத் திரும்பப் போய்ச் சண்டையைத் தொடருவார். அன்றிலிருந்து அவர் அத்தை, அவர் கணவர் மாமா.

"ஆபரேஷன் தள்ளிப்போச்சு அத்தை. அவசர கேஸ் ஒண்ணு வந்திருக்கு. மாமாவை மதியத்துக்கு மேலதான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க."

"அப்படியா?" டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சால்வையை மடித்தார்.

"ராத்திரிக்கும் நானே இருக்கேன். டியூட்டி மாத்தி வாங்கிட்டேன். கண் முழிக்கிறப்ப தெரிஞ்ச முகம் எதிர்ல இருக்கணும்ல?"

டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

மதியம் மாமாவை உள்ளே கொண்டுபோவதற்குச் சற்று முன்னால் தம்பி போன் பண்ணினான். பாப்பாவுக்கு இளையவன், அப்பாவின் அலுவலகத்தில் அவனே உதவியாளன், அவனே டிரைவர், சமயத்தில் அவனே அப்பாவின் குரல்.

"அக்கா, மாமாவை உள்ள கூட்டிட்டுப் போயாச்சா?"

"இல்லடா, இப்பத்தான் போகப் போறாங்க. காலையில நடக்க வேண்டியது, தள்ளிப்போயிடுச்சு."

"அப்ப அத்தை அங்கயேதான் இருப்பாங்களா?"

"பின்ன? புருஷனை உள்ள அனுப்பிட்டு ஷாப்பிங்கா போவாங்க? சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு அசையமாட்டாங்க."

"சரிக்கா. பாவம். பார்த்துக்கோ."

"தம்பி விசாரிச்சான், அத்தை" என்று போனைப் பையில் போட்டபடி சொன்னாள்.

"அவன் சின்ன வயசுலேருந்தே பாசக்காரன்" என்றார் டீச்சர்.

*

காத்திருப்பு அறையின் சுவரில் ஒரு டிவி. சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று அங்கே வைத்திருப்பார்கள்.

அதில் சபை நேரலை ஓடியது. நகரசபைகள் தங்களுக்குச் சொந்தமான வாடகை வீடுகளைத் தனியாருக்கு விற்கலாம் என்ற மசோதா. ஆளுங்கட்சியிலேயே சிலர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு சமமாக வந்தால் மசோதா தோற்றது என்று அர்த்தம்.

உறுப்பினர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். கதவு சாத்தப் போகிற நேரத்தில், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் அவசரமாக நுழைந்தார். கேமரா அவரையே பிடித்துக்கொண்டது.

அப்பா. பாப்பா டிவிக்குக் கிட்டே போய் நின்றாள்.

டீச்சரும் பார்த்துவிட்டார். ஆனால் பதறவில்லை. "பழைய படம்" என்றார். "பொழுது போகலைன்னா இப்படித்தான் எதையாவது எடுத்துப் போடுவானுங்க."

திரையில் அப்பாவின் முகவாயில் அந்தப் பிளாஸ்திரி இருந்தது. கோணலாக இருந்தது.

"பழைய படம்தானே, கண்ணு?"

பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. முடிவைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள். மசோதா நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. மாமாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார். அவருடைய போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"எடுங்க அத்தை" என்றாள் பாப்பா மெதுவாக.

எடுத்தார். மறுமுனையில் கத்தியது அவருடைய கட்சிக் கொறடா. கொறடா என்றால் ஓட்டுக்கு ஆள் சேர்க்கிறவர். அவர் குரல் பக்கத்து நாற்காலிவரை கேட்டது. "இஸ்திரி ஜோடி போட்டிருக்கான்னு நீங்க சொன்னதை நம்பித்தானே விட்டோம்? அவன் உள்ள வந்து நிக்கறான்! இப்ப எல்லாரும் என்ன கேக்கறாங்க தெரியுமா? டீச்சர் எவ்வளவுக்கு வெளிய நின்னாங்கன்னு கேக்கறாங்க!"

டியூட்டி முடியும் மணி அடித்தது. பாப்பா காத்திருந்தது அதற்காக அல்ல. ஆனால் அது அடித்ததும் ஓடிப்போய்விட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு செருப்பு. கூடத்தில் பூங்கொத்துகள், கட்சிக்காரர்கள், கைதட்டல். நகர வளர்ச்சித் துறைக்கு இணை மந்திரி. நாளைக் காலையில் பதவியேற்பு. இத்தனை நாளாக வாசலோடு திரும்பிப் போன பதவி, இன்றைக்கு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது.

அம்மா சமையலறையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? சர்க்கரை போட்டேனா இல்லையான்னு மறந்துபோச்சு, கொஞ்சம் குடிச்சுப் பாரேன்."

"அப்பா எங்க?"

"ரூம்ல. தலைவலியாம்."

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி போனை நோண்டிக்கொண்டு நின்றான். பாப்பாவைப் பார்த்ததும் அப்பாவின் கை தானாக முகவாய்க்குப் போனது.

"மாமா எப்படி இருக்காரு?" என்றார்.

"அதைக் கேக்காதீங்கப்பா. அந்தக் கேள்வியை இன்னைக்கு இந்த வீட்லேருந்து ஒருத்தரும் கேக்காதீங்க."

தம்பி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நம்ம கட்சிக் கொறடா மத்தியானம் வீட்டுக்கே வந்துட்டாரு" என்றார் அப்பா. தரையிடம் பேசுவதுபோல இருந்தது. "நம்ம ஆளு ஒருத்தன் கவுத்துட்டான், நீங்க வரலைன்னா அரசாங்கமே ஆடிப்போயிடும்னாரு. முடியாதுன்னேன். மந்திரி பதவின்னாரு. அதுக்கும் முடியாதுன்னுதான் சொன்னேன், பாப்பா. சத்தியமா."

"அப்புறம்?"

"அப்புறம்... டீச்சரால சபைக்கு வரமுடியுமான்னு மட்டும் இவனைக் கேட்டுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

அப்பா கட்டில் விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். "நான் உள்ள போனதைக் கேட்டு அவங்க ஓடி வந்துட்டா, ஓட்டு சமமாயிடும். மசோதாவும் தோத்துடும், என் மானமும் போயிடும். ரெண்டும் போறதுக்கு எதுக்குப் போகணும்? நீதான் அசையமாட்டாங்கன்னு சொன்னே. அதுக்கு அப்புறம்தான் சட்டையை எடுத்தேன்."

பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் அப்பாவைப் பார்த்ததிலிருந்து வெட்கம் ஒரு கல்லாக நெஞ்சில் இருந்தது. அது அப்பாவுக்காக என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

"பாவம், பார்த்துக்கோன்னு சொன்னியேடா" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, நிஜமாவே பாவம்னுதான்க்கா..." தம்பி முடிக்கவில்லை. கூடத்தில் டிவிச் சத்தம் கூடியது. யாரோ "உஷ், உஷ்" என்றார்கள். ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் பேசினார்: அப்படி ஒரு ஜோடி ஒப்பந்தமே கிடையாது. டீச்சர் ஏன் வராமல் இருந்தார் என்பதை டீச்சரின் கட்சிதான் டீச்சரிடம் கேட்கவேண்டும்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"அப்பா, நம்ம வீட்டு மேஜையில கை குடுத்தீங்க. போய்ச் சொல்லுங்க. ஜோடி இருந்துச்சு, நான்தான் மீறினேன்னு ஒரு வார்த்தை. போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அவங்க பேரையாவது திருப்பிக் குடுங்க."

"கட்சி சொல்லிடுச்சும்மா. நாளைக்குப் பதவியேற்பு. நான் இப்ப வாயைத் திறந்தா..."

"எழுதாத சட்டம், எழுதாத சட்டம்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களேப்பா!"

அப்பா பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அரைக் கையெழுத்துகூட ஆதாரமாக இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு மேயரின் மகள் கேட்கிறாள்.

சமையலறைக்குப் போனாள். "அம்மா, நீயும் இருந்தே இல்ல, ஞாயித்துக்கிழமை?"

அம்மா டம்ளர்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் அடுப்படியில பால் பொங்குதான்னு பார்த்துட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல."

"அவங்க கை குடுக்கறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு பிஸ்கட் தட்டை நகத்தி வெச்சதே நீதானேம்மா!"

அம்மா தேநீரை ஊற்றினாள். நிரம்பியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "எத்தனை வருஷம் காத்திருந்தாரு, தெரியுமாடி உனக்கு?" என்றாள் கடைசியில். தட்டில் வழிந்த தேநீரைத் துடைக்காமலே கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

*

விளக்கு வைக்கிற நேரத்தில் பாப்பா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலில் இரண்டு மூன்று கேமராக்காரர்கள் டீச்சருக்காகக் காவல் இருந்தார்கள். ஊழியர்கள் வாசல் வழியாக மேலே போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. மாமா தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருந்தார். வெளியே டீச்சர் மாமாவின் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"உங்கப்பா சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல. நானா வந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மத்தியானம் தம்பி போன் பண்ணினான்ல... நீங்க சபைக்கு வந்துடுவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டிருக்கான். எனக்குத் தெரியாது அத்தை. சாயங்காலம் வரைக்கும் அசையமாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."

டீச்சரின் கை சட்டைக் காலரில் நின்றது.

"காலையில ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னு நீ வந்து சொன்னே பாரு" என்றார் நிதானமாக. "அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஒரு ஓட்டமா ஓடிப்போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாமான்னு. நேரம் இருந்துச்சு. நான் போயிருந்தா மசோதா தோத்திருக்கும். அப்புறம் நினைச்சேன், அந்த மனுஷன் என்னை நம்பி வீட்ல குழாய் ரிப்பேர் பண்ணிட்டிருப்பாரே, நான் போய் நின்னா அவர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு. உக்காந்துட்டேன்."

பாப்பா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எங்க வேணா வந்து சொல்றேன் அத்தை. நான் பார்த்தேன்ல, கை குடுத்ததை."

"நான் உன்னைக் கேக்கமாட்டேன். பெத்த அப்பனுக்கு எதிரா சொல்லுன்னு ஒரு பொண்ணைக் கேக்கறது என் வேலை இல்ல." டீச்சர் பையின் ஜிப்பை மூடினார். "ஆனா ஒரு உதவி பண்ணு. ராத்திரி மாமாகிட்ட வேற சிஸ்டரை இருக்கச் சொல்லு."

"அத்தை..."

"கோபத்துல சொல்லல, கண்ணு. அவரு நினைவில்லாம கிடப்பாரு. பக்கத்துல இருக்கறவங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கணும். இல்லைன்னா என்னால கண் மூட முடியாது."

பாப்பா தலையாட்டினாள். அழக்கூட முடியவில்லை, அழுதால் அதற்கும் அத்தைதான் ஆறுதல் சொல்லவேண்டி வரும். ஹெட் நர்ஸிடம் போய் டியூட்டியை மாற்றச் சொன்னாள். "காலையில நீயேதானே கெஞ்சி வாங்கினே?" என்று அவர் கேட்டார். "ஆமா சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள்.

கீழே இறங்கும்போது ஊழியர்கள் வாசல் இடப்பக்கம் இருந்தது. அவள் நேராக, முன்வாசலுக்கு நடந்தாள்.

"டீச்சர் எப்ப வெளிய வருவாங்க சிஸ்டர்?" என்று மைக் வைத்திருந்த பெண் கேட்டாள்.

"அவங்க வரமாட்டாங்க. நான் சொல்றேன். என்னை எடுங்க."

"நீங்க யாரு?"

யார் என்று சொன்னாள். கேமராக்காரர்கள் கையிலிருந்த டீக்கோப்பைகளைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மேஜையில எங்கப்பாவும் டீச்சரும் ஜோடி போட்டுக் கை குடுத்தாங்க. நான் கூடவே உக்காந்திருந்தேன். டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்க. இன்னைக்கு மத்தியானம் அவங்க இங்கேருந்து நகரமாட்டாங்கன்னு எங்க வீட்டுக்குச் சொன்னதும் நான்தான். எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியாம சொன்னேன்."

இதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினாள். மைக் விடவில்லை.

"அப்ப உங்கப்பா பொய் சொல்றாரா?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்து வரவில்லை. நின்றாள். "கட்சிதான் சொல்லுச்சு. எங்கப்பா இன்னும் வாயைத் திறக்கல. அவரையே கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது, அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே மறைவிடமும் அந்தத் திறக்காத வாய்தான் என்று. காலையில் பதவியேற்பு, மைக்குகள் எல்லாம் அங்கே இருக்கும். இனி அவர் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தால், நாட்டுக்கு முன்னால் அவர் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லவேண்டும்: தன்னை, அல்லது தன் மகளை.